நட்சத்திரம் ஏன் சீரகச் சம்பா மாதிரி நீளுது? மதுரை வானத்துக்கு ஏற்ற பட்ஜெட் கைடு கேமரா எது?

மொட்டை மாடியில் டெலஸ்கோப்பை நிறுத்தி, டிஎஸ்எல்ஆரை மாட்டி, இரண்டு நிமிட எக்ஸ்போஷர் வைக்கிறீர்கள். ஸ்க்ரீனில் ஓரியன் நெபுலா வந்துவிட்டது, லேசாகச் சிவப்புக்கூடத் தெரிகிறது. ஜூம் செய்தால்தான் பிரச்சினை புரியும். புள்ளியாக இருக்க வேண்டிய நட்சத்திரங்கள் எல்லாம் சீரகச் சம்பா அரிசி மாதிரி ஒரே பக்கமாக நீண்டு கிடக்கின்றன.

யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான்: "கைடு கேமரா வாங்குங்க." சரி என்று தேடினால் அடுத்த குழப்பம். சில ஆயிரம் ரூபாயில் ஒன்று, அதைப்போலப் பல மடங்கில் இன்னொன்று, மோனோ, கலர், பிக்சல் சைஸ், எஸ்டி-4 போர்ட். முதல் இரண்டு மூன்று வருடச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து டெலஸ்கோப்பும் மவுன்ட்டும் வாங்கியவருக்கு இது சின்னச் செலவு இல்லை. தப்பான கேமராவை வாங்கினால் பணம் மட்டுமா போகும்? வானம் தெளிவாக இருக்கும் ஒரு சீசனே போய்விடும்.

கைடு கேமரா என்னதான் செய்யுது?

பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 23 மணி 56 நிமிடம் 4 விநாடி. அதனால் வானம் ஒவ்வொரு விநாடியும் சுமார் 15 ஆர்க் செகண்ட் நகர்வதுபோலத் தெரியும். ஒரு டிகிரியை 3,600 கூறு போட்டால் ஒரு கூறுதான் ஒரு ஆர்க் செகண்ட். கேட்க ரொம்பச் சின்ன அளவு. ஆனால் 480 மி.மீ ஃபோக்கல் லெங்த் உள்ள டெலஸ்கோப்பில், 4.3 மைக்ரான் பிக்சல் கொண்ட டிஎஸ்எல்ஆரில் ஒரு பிக்சல் பார்ப்பதே 1.85 ஆர்க் செகண்ட்தான். மவுன்ட் சும்மா நின்றால் ஒரே விநாடியில் நட்சத்திரம் 8 பிக்சல் தாண்டி ஓடிவிடும்.

அதற்குத்தான் ஈக்வடோரியல் மவுன்ட். பூமி ஓடும் வேகத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பி நட்சத்திரத்தைப் பிடித்து வைக்கும். ஆனால் உள்ளே இருப்பது பல்சக்கரம். எவ்வளவு நல்ல சக்கரமாக இருந்தாலும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும். பட்ஜெட் மவுன்ட்டில் இந்த ஆட்டம் 30 ஆர்க் செகண்ட் வரை போனால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மேலே சொன்ன கணக்கில் அது 16 பிக்சல். சீரகச் சம்பா அங்கேதான் விளைகிறது.

கைடு கேமரா படம் எடுப்பதற்கான கேமரா கிடையாது. மெயின் டெலஸ்கோப் மேல் ஒரு குட்டி டெலஸ்கோப், அதன் பின்னால் இந்தக் கேமரா. ஒன்று முதல் மூன்று விநாடிக்கு ஒருமுறை ஒரு ஃப்ரேம் எடுத்து லேப்டாப்புக்கு அனுப்பும். அங்கே ஓடும் மென்பொருள், 'நேத்து இருந்த இடத்துலயே இருக்கா?' என்று வாத்தியார் அட்டெண்டன்ஸ் எடுப்பதுபோல நட்சத்திரத்தின் மையத்தைச் சரிபார்க்கும். விலகியிருந்தால் மவுன்ட்டுக்கு 'லேசா இந்தப் பக்கம் திரும்பு' என்று உத்தரவு போகும். இந்த வேலைக்கு உலகம் முழுக்க அதிகம் பயன்படுவது பிஹெச்டி2 என்ற மென்பொருள். இலவசம், ஓப்பன் சோர்ஸ். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், அதனால் பழைய லேப்டாப்பே போதும்.

இந்த மென்பொருளெல்லாம் வருவதற்கு முன்னால் இதை மனிதக் கண்தான் செய்தது. கைடு டெலஸ்கோப்பின் குறுக்குக் கம்பியில் ஒரு நட்சத்திரத்தை நிறுத்தி, அது அசைந்தால் கையில் உள்ள பட்டனை அழுத்தித் திரும்பக் கொண்டுவர வேண்டும். நம்ம ஊர் உதாரணமே இருக்கு. ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் 1988 பிப்ரவரி 17 அன்று ஆர்.ராஜமோகன், 45 செ.மீ ஷ்மிட் டெலஸ்கோப் மூலம் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். கணித மேதையின் நினைவாக அதற்கு '4130 ராமானுஜன்' என்று பெயர். சிறுகோள் வேட்டையின் அடிப்படையே இதுதான்: நட்சத்திரங்கள் நின்ற இடத்தில் புள்ளியாக விழ வேண்டும். அப்போதுதான் நடுவில் நகர்ந்துபோன ஒன்று தனியாகத் தெரியும்.

கேமராவுக்கு முன்னாடி மவுன்ட்டைப் பாருங்க

பலர் சறுக்கும் இடம் இது. கைடு கேமரா சொல்வதைக் கேட்க மவுன்ட்டில் மோட்டார் இருக்க வேண்டும், உத்தரவை வாங்கும் வழியும் இருக்க வேண்டும். கையால் சுற்றும் ஈக்வடோரியல் மவுன்ட்டிலோ, டாப்சோனியனிலோ எவ்வளவு விலையுயர்ந்த கைடு கேமராவை மாட்டினாலும் அது அழகுப்பொருள்தான். ஸ்கைவாட்சர் ஸ்டார் அட்வென்ச்சரர் போன்ற சிறிய ட்ராக்கர்களில் எஸ்டி-4 போர்ட் உண்டு, ஆனால் பழைய மாடல்கள் கிழக்கு-மேற்கு அச்சில் மட்டும்தான் திருத்தும். பின்னால் வந்த ஜிடிஐ மாடலில் இரண்டு அச்சிலும் மோட்டார் உண்டு.

எஸ்டி-4 என்பது பார்க்க டெலிபோன் சாக்கெட் மாதிரி இருக்கும் ஒரு துளை. எஸ்பிஐஜி என்ற அமெரிக்க நிறுவனம் வெளியிட்ட ஆட்டோகைடர் ஒன்றின் பெயர் அது. கருவி மறைந்து பெயர் மட்டும் சாக்கெட்டில் ஒட்டிக்கொண்டது. உங்கள் மவுன்ட் யுஎஸ்பி கேபிளில் நேராக லேப்டாப்போடு பேசும் என்றால், கேமராவில் எஸ்டி-4 இருக்கிறதா இல்லையா என்று கவலைப்படவே வேண்டாம். உத்தரவு அந்தக் கேபிள் வழியாகவே போகும். எஸ்டி-4 உள்ளது என்பதற்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்கும் முன் இதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

இன்னொரு நேர்மையான கேள்வியும் இருக்கு: இப்போதைக்குக் கைடு கேமரா வேண்டுமா? அண்ணா நகரிலோ கே.கே.நகரிலோ மொட்டை மாடியில் இருந்து எடுப்பவருக்கு, ஊர் வெளிச்சமே 30, 60 விநாடியில் படத்தை நிரப்பிவிடும். அதற்குமேல் எக்ஸ்போஷரை நீட்டி லாபம் குறைவு. 135 மி.மீ, 200 மி.மீ லென்ஸில் 30 விநாடிப் படங்களாக 200 எடுத்து ஸ்டாக் செய்தாலே கண்ணுக்கு நிறைவாக வரும். அந்தக் கட்டத்தில் இருப்பவர்கள் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு நல்ல ட்ரைபாட் வாங்கலாம்.

ஆனால் 400 மி.மீ தாண்டிவிட்டால் கதை வேறு. கைடிங்கோடு இலவசமாக வரும் இன்னொரு வசதி டித்தரிங். ஒவ்வொரு படத்துக்கும் நடுவே மென்பொருள் மவுன்ட்டைச் சில பிக்சல் வேண்டுமென்றே தள்ளி வைக்கும். சென்சாரின் கறைகள் ஒரே இடத்தில் விழாது, ஸ்டாக் செய்யும்போது மறைந்துவிடும். கூலிங் இல்லாத டிஎஸ்எல்ஆரை மதுரைச் சூட்டில் வைத்து எடுப்பவருக்கு, நீண்ட எக்ஸ்போஷரைவிட இந்த டித்தரிங்தான் பெரிய வரம்.

கால்குலேட்டரை எடுங்க: ஒரே ஒரு கணக்கு

பிக்சல் அளவை (மைக்ரானில்) 206 ஆல் பெருக்கி, டெலஸ்கோப்பின் ஃபோக்கல் லெங்த்தால் (மி.மீ) வகுத்தால், ஒரு பிக்சல் எத்தனை ஆர்க் செகண்ட் பார்க்கிறது என்று வரும். இந்த ஒரு கணக்கு தெரிந்தால் கடைக்காரரின் பாதிப் பேச்சு தேவைப்படாது.

பட்ஜெட்டில் அதிகம் விற்பது 30 மி.மீ விட்டமும் 120 மி.மீ ஃபோக்கல் லெங்த்தும் உள்ள மினி கைடு ஸ்கோப். அதில் 3.75 மைக்ரான் பிக்சல் உள்ள கேமராவை மாட்டினால் ஒரு பிக்சலுக்கு சுமார் 6.4 ஆர்க் செகண்ட். மெயின் கேமராவோ 1.85. மூன்றரை மடங்கு மொத்தமாகப் பார்க்கும் கண் எப்படி நுணுக்கமாகத் திருத்தும்? அதுதான் மென்பொருளின் சாமர்த்தியம். நட்சத்திரம் ஒரே பிக்சலில் விழாமல் நாலைந்து பிக்சலில் பரவுவதால், அதன் ஒளி மையத்தைப் பிக்சலின் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூடக் கணித்துவிடும். ஆக 0.65 ஆர்க் செகண்ட் வரை நுணுக்கம் கிடைக்கும். மெயின் கேமராவைவிட நாலைந்து மடங்குக்கு மேல் போகாதவரை பிரச்சினை இல்லை என்பது அனுபவசாலிகள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு.

அதே கேமராவில் வானத்தின் பரப்பும் தாராளம்: 1280-க்கு 960 பிக்சல் என்றால் கிட்டத்தட்ட 2.3 டிகிரிக்கு 1.7 டிகிரி. எந்தப் பக்கம் திருப்பினாலும் கைடு செய்யத் தகுந்த நட்சத்திரம் சிக்கும். இப்போதைய பிஹெச்டி2 ஒரே நேரத்தில் பல நட்சத்திரங்களைச் சேர்த்துப் பார்த்துச் சராசரி எடுக்கும் என்பதால் அகலமான பார்வை இன்னும் உதவும்.

1,000 மி.மீட்டருக்கு மேல் போகிறவர்களுக்கு இந்தக் குட்டி ஸ்கோப் பத்தாது. மெயின் டெலஸ்கோப்பின் ஒளியிலேயே ஓரமாகக் கொஞ்சம் பிரித்தெடுக்கும் ஆஃப்-ஆக்சிஸ் கைடர் வேண்டும். அதன் சிறிய ஜன்னலில் நட்சத்திரம் கிடைப்பதே அரிது, கேமராவும் இன்னும் உணர்திறன் கூடியதாக இருக்க வேண்டும். பட்ஜெட் என்ற சொல் அங்கே விடைபெற்றுக்கொள்ளும்.

மோனோவா, கலரா?

மோனோ. யோசிக்கவே வேண்டாம். கலர் சென்சாரில் ஒவ்வொரு பிக்சல் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் என ஒரு வடிகட்டி உட்கார்ந்து வரும் ஒளியில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். கைடு கேமராவுக்குக் கலர் எதற்கு? ஏற்கெனவே கையில் கலர் கேமரா இருந்தால் அதை வைத்தே ஆரம்பிக்கலாம், அதுவும் வேலை செய்யும். புதிதாக வாங்குபவர் மட்டும் மோனோவைத் தேடட்டும்.

இந்த விலைப்பிரிவில் பல வருடமாக எல்லோரும் கைகாட்டுவது இசட்டபிள்யூஓ ஏஎஸ்ஐ120எம்எம் மினி. 1280-க்கு 960 பிக்சல், 3.75 மைக்ரான், மோனோ, எஸ்டி-4 உண்டு, யுஎஸ்பி 2.0. இன்றைய அளவுகோலில் பழைய சென்சார்தான். விநாடிக்கு நூறு ஃப்ரேம் எடுக்கத் தெரியாவிட்டால் என்ன, கைடிங்குக்குத் தேவை இரண்டு விநாடிக்கு ஒன்று! நீண்ட காலமாக 150 டாலரை ஒட்டி விற்ற கேமரா இது. வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைத்தால் சுங்க வரி, ஜிஎஸ்டி, கூரியர் கட்டணம் எல்லாம் மேலே ஏறும். டாலரை ரூபாயாக மாற்றிப் பார்த்துவிட்டு 'அட, சீப்பா இருக்கே' என்று ஆர்டர் போட்டால் பார்சல் வரும் நாளில் முகம் மாறும். இந்திய விற்பனையாளரிடம் விலை சற்றுக் கூடினாலும், வாரன்ட்டிக்குப் போய் நிற்க ஓர் இடம் இருக்கும்.

எஸ்விபோனி எஸ்வி305எம் ப்ரோ அடுத்த தேர்வு. ஐஎம்எக்ஸ்290 என்ற சோனி சென்சார், 2.9 மைக்ரான், மோனோ. இதன் ப்ளஸ் பாயின்ட், கைடிங் இல்லாத நாளில் நிலாவையும் வியாழனையும் எடுக்கலாம் என்பது. ஆனால் பெயரில் 'எம்' இல்லாத எஸ்வி305 கலர், அதன் முதல் மாடலில் எஸ்டி-4 கிடையாது. ஒரு எழுத்தைப் பார்க்காமல் ஆர்டர் போட்டுவிட வேண்டாம். செகண்ட் ஹேண்டில் கியூஹெச்ஒய்5எல்-2 மோனோ கிடைத்தால் அதுவும் 3.75 மைக்ரான் பிக்சல்தான். வாங்கும் முன் மூடியைப் போட்டு 5 விநாடி எக்ஸ்போஷர் ஒன்று எடுக்கச் சொல்லிப் பாருங்கள். பட்டை பட்டையாகக் கோடு தெரிந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

ரொம்ப மலிவாகக் கிடைக்கும் 'எலக்ட்ரானிக் ஐபீஸ்' என்பது பெரும்பாலும் வெப்கேம்தான். விநாடியில் ஒரு சிறு பங்குக்கு மேல் எக்ஸ்போஷர் வைக்க முடியாத கேமராவில் வியாழன் தெரியும், கைடு நட்சத்திரம் தெரியாது. மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இது இல்லை.

ஊர்ச் சூடு கேமராவையும் விடாது

மினி கைடு கேமராக்களில் கூலிங் கிடையாது. ஐரோப்பியக் குளிரில் எடுத்த ரிவ்யூ வீடியோவில் கருப்பாகத் தெரியும் அதே ஃப்ரேம், மே மாத மதுரை இரவில் வெள்ளைப் புள்ளிகளாகக் கொட்டிக் கிடக்கும். சென்சார் சூடு ஆறேழு டிகிரி ஏறினாலே வெப்பத்தால் வரும் இரைச்சல் இரட்டிப்பாகும். தை மாதக் குளிருக்கும் வைகாசிப் புழுக்கத்துக்கும் 10 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால்கூட மூன்று மடங்கு. ஹாட் பிக்சல் ஒன்றை நட்சத்திரம் என்று நினைத்து மென்பொருள் பிடித்துக்கொண்டால் கிராஃப் கோடு போட்டதுபோல நேராக ஓடும். பார்க்க சந்தோஷமாக இருக்கும். படம் மட்டும் மொத்தமாக வீணாகியிருக்கும்.

மருந்து எளிது. கைடு ஸ்கோப்பை மூடி பிஹெச்டி2-வில் டார்க் லைப்ரரி எடுத்து வைக்க வேண்டும். மார்கழியில் எடுத்ததைச் சித்திரையில் பயன்படுத்தாமல், சீசன் மாறும்போது புதிதாக எடுக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை.

மொட்டை மாடித் தளத்தையும் கவனிக்கணும். பகல் முழுக்க வெயில் குடித்த கான்க்ரீட் ராத்திரி பத்து, பதினொரு மணி வரை அனலை விட்டுக்கொண்டே இருக்கும். நட்சத்திரம் கொதிக்கும் ரசம் மாதிரி துள்ளும். அரை விநாடி எக்ஸ்போஷரில் கைடு செய்தால் மவுன்ட் அந்தத் துள்ளலைத் துரத்த ஆரம்பித்துவிடும். 2 அல்லது 3 விநாடி வைத்தால் துள்ளல் சராசரியாகி அடங்கும். தரையில், மண் மேல் வைக்க இடம் இருந்தால் இன்னும் நல்லது. மாடியில் யாராவது நடந்தாலே கிராஃபில் தெரியும் என்ற தொல்லையும் போகும்.

துருவ நட்சத்திரம் எங்கே?

மதுரை இருப்பது ஏறத்தாழ 9.9 டிகிரி வடக்கு அட்சரேகையில். எனவே துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து சுமார் 10 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் வரும் உயரம் அது. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி போதும் மறைக்க. அந்த உயரத்தில் அதன் ஒளி, உச்சியில் இருப்பதைப்போல ஐந்து மடங்குக்கும் மேல் காற்றைத் தாண்டி வர வேண்டும். தூசும் புகையும் சேர்ந்தால் வெறும் கண்ணுக்குக் காணாமல் போய்விடும்.

மவுன்ட்டின் அச்சை அந்தத் துருவத்தை நோக்கி நிறுத்தாமல் கைடிங் ஆரம்பித்தால், கைடு நட்சத்திரம் மட்டும் அசையாமல் நிற்கும். படத்தின் மூலைகள் அதைச் சுற்றிச் சுழலும். கைடு கேமரா இதைச் சரிசெய்யாது. ஆனால் சரிசெய்யும் கருவியாக அதையே பயன்படுத்தலாம். பிஹெச்டி2-வில் உள்ள டிரிஃப்ட் அலைன் வசதிக்குத் துருவ நட்சத்திரமே தேவையில்லை. தெற்கே நடுவானில் ஒரு நட்சத்திரம், கிழக்கிலோ மேற்கிலோ இன்னொன்று, அவை மேலே கீழே நகர்வதைப் பார்த்து மவுன்ட்டின் இரண்டு திருகையும் சரிசெய்யலாம். இலவச மென்பொருளான நைனாவில் மூன்று இடத்தில் படம் எடுத்துக் கணக்கிடும் ப்ளக்-இன் உண்டு, அதுவும் வானத்தின் எந்தப் பகுதியிலும் வேலை செய்யும். துருவத்தைச் சுற்றியுள்ள பகுதி கேமராவில் தெரிந்தே ஆகவேண்டும் என்று கேட்கும் மென்பொருள்கள் நமக்கு ஒத்துவராது.

மவுன்ட் வாங்கும் முன்பே, அது 10 டிகிரி வரை சாயுமா என்று கையேட்டில் பார்த்துவிடுங்கள். அச்சு கிட்டத்தட்டப் படுத்துக்கிடப்பதால், சில மவுன்ட்களில் எடைக்கல் கம்பி ட்ரைபாட் காலில் வந்து இடிக்கும்.

திருமங்கலமா, அழகர்கோவிலா?

ஊரை விட்டு வெளியே போகிறவர்களுக்கு இதுதான் கேள்வி. தெற்கே திருமங்கலம் தாண்டிப் போனால் மதுரையின் வெளிச்சம் முழுக்க வடக்கு அடிவானத்தில், சரியாகத் துருவ நட்சத்திரம் இருக்கும் பக்கம் நிற்கும். அலைன் செய்யக் கஷ்டம், ஆனால் தெற்கு வானம் கருப்பாகக் கிடைக்கும். வடக்கே அழகர்கோவில், நத்தம் பக்கம் போனால் நேர் எதிர்: துருவம் எளிது, தெற்கில் ஊர் வெளிச்சம்.

டிரிஃப்ட் அலைன் பழகிவிட்டால் தெற்கே போவதுதான் புத்திசாலித்தனம். காரணம், மதுரையின் உண்மையான சொத்து தெற்கு வானம். ஒமேகா சென்டாரி என்ற பிரம்மாண்ட நட்சத்திரக் கொத்து இங்கே 32 டிகிரி உயரம் வரை ஏறும். லண்டனில் இருப்பவருக்கு அது உதிப்பதே இல்லை. கரீனா நெபுலா 20 டிகிரி வரை வரும். ஏப்ரல் தொடக்கத்தில் கரீனாவும், மே நடுவில் ஒமேகா சென்டாரியும் இரவு பத்து மணிவாக்கில் தெற்கே உச்சம் தொடும். நடுவில் சித்திரைத் திருவிழா. அழகர் ஆற்றில் இறங்கும் நாள் பௌர்ணமி என்பதால் அந்த ஓரிரு நாள் நெபுலா எடுக்க முடியாது. கேமராவை உறையில் போட்டுவிட்டு எதிர்சேவைக்குப் போய்விடலாம்.

முதல் ராத்திரிக்கு முன் பகலிலேயே ஒரு வேலையை முடித்துவிடுங்கள். கைடு ஸ்கோப்பை யானைமலை உச்சிக்கோ தூரத்து செல்போன் டவருக்கோ திருப்பி ஃபோக்கஸ் செய்து வைத்தால், இருட்டில் நட்சத்திரத்தைத் தேடி அலைய வேண்டாம். லேசாகத் திருத்தினால் போதும். கைடு ஸ்கோப்பின் திருகுகளை இறுக்குங்கள். அது தனியாக அசைந்தால் கிராஃப் நன்றாக இருக்கும், படம் நீளும். யுஎஸ்பி 2.0 கேபிள் 5 மீட்டருக்கு மேல் வேண்டாம். தொங்கும் கேபிள் எதிலும் மாட்டி இழுக்காதபடி டேப் போட்டுக் கட்டிவிடுங்கள்.

பிஹெச்டி2 முதலில் கேலிப்ரேஷன் கேட்கும். வான நடுக்கோட்டுக்கு அருகில் செய்தால்தான் அளவு சரியாக வரும். தை, மாசியில் ஓரியனின் இடுப்பில் உள்ள மூன்று நட்சத்திரங்களில் மேற்கே இருக்கும் மின்டகா ஏறக்குறைய அந்தக் கோட்டின் மேலேயே இருக்கிறது. மதுரையில் அது தலைக்கு மேலே, உச்சியிலிருந்து பத்து டிகிரி தெற்காகத் தெரியும். அதன் பக்கம் திருப்பிக் கேலிப்ரேட் செய்துவிட்டு, கிராஃபில் மொத்த ஆர்எம்எஸ் எண்ணைப் பாருங்கள். 480 மி.மீ டெலஸ்கோப்புக்கு அது 1.8 ஆர்க் செகண்டுக்குக் கீழே நின்றால் போதும். 0.5 வரவில்லையே என்று விடிய விடிய செட்டிங்கை நோண்டாமல், ஷட்டரைத் திறந்துவிடுங்கள்.